அனுப்பாததும் சாட்சி

வழக்குப் போடச் சொன்னதே நான்தான். மாடியில் குடியிருந்த வினோலியா வீட்டைக் காலி செய்தபோது, அங்கே வைத்திருந்த எங்கள் பிரிட்ஜையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். கேட்டால், "அண்ணாச்சி தானே எடுத்துக்கச் சொன்னாவ" என்றாள். என் வீட்டுக்காரர் அமல்தாஸ் சொல்லவே இல்லையாம்.

இப்போதெல்லாம் சின்ன வழக்குகளில் ஃபோனில் அனுப்பிய செய்தி மட்டும் போதாது. எழுதிவிட்டு அனுப்பாமல் அழித்ததையும் நீதிமன்ற இயந்திரம் சத்தமாக வாசிக்கும்.

அவர் அவளுக்கு அனுப்பியது ஒன்றுதான்: "பிரிட்ஜை எப்ப தருவீங்க?"

அதற்கு முன்னால் அவளுக்கு எழுதி அழித்தவற்றை இயந்திரம் வாசித்தது.

"சாப்டீங்களா?"

"அங்க தண்ணி ஒழுங்கா வருதா?"

"நீங்க போனப்புறம் மாடி வெறிச்சுன்னு கெடக்கு."

பிரிட்ஜைக் கொடுத்ததாக எங்குமே இல்லை. எங்களுக்கே சாதகமாகத் தீர்ப்பானது. தோற்றவள் முகத்தைத் துடைப்பதுபோல முந்தானைக்குள் சிரித்ததை நான் பார்த்தேன்.

"ஜெயிச்சிட்டோம்லா, வா" என்று தலைகுனிந்தபடி அவர் வெளியே போனார்.

நான் நகரவில்லை. "ஐயா, அவரு எனக்கு எழுதி அழிச்சதையும் வாசிக்கச் சொல்லுங்க" என்றேன் நீதிபதியிடம்.

"அது வழக்குல இல்லியேம்மா."

"இருக்கட்டும். நான் அவரு பொண்டாட்டி."

நீதிபதி தலையசைத்தார். இயந்திரம் எங்கள் கல்யாண நாளிலிருந்து தேடியது.

"அப்படி எதுவும் இல்லை அம்மா. உங்களுக்கு எழுதிய எதையும் அவர் அழிக்கவில்லை. எழுதியதும் அனுப்பியிருக்கிறார்."

வாசலிலிருந்து என் ஃபோனுக்குச் செய்தி வந்தது.

"ஆட்டோ வந்துட்டு. சீக்கிரம் வா."