வரவேற்பறைக் கெண்டை

ஒரு தொழிற்சாலையின் வரவேற்பறையில், கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கெண்டை மீன் இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் மேலாளர் அதைக் காட்டி, "எங்க கழிவுநீரைச் சுத்தம் பண்ணி இதுலதான் விடுறோம். மீன் எப்படித் துள்ளுது பாருங்க!" என்பார். கேட்டுக் கேட்டுக் கெண்டைக்குக் காது புளித்துவிட்டது.

ஒருநாள், அந்தக் கழிவுநீர் போய்ச் சேருகிற ஓடையிலிருந்து ஒரு தவளை தத்தித் தத்தி வந்தது.

"அக்கா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தண்ணிதானாமே! எனக்கு மட்டும் ஏன் தோல் உரியுது?"

"போடா போக்கத்தவனே! எனக்கு ஊத்துறது கேன் தண்ணிடா. நான் எங்கே துள்ளுறேன்? இவங்க புளுகு தாங்காம கண்ணாடியில முட்டிக்கிறேன். அதுக்கும் கைதட்டுறாங்க!"

அந்நேரம் வாசலில் கைதட்டல் கேட்டது. ஆலைக்குச் சுற்றுச்சூழல் விருது வந்திருந்தது. பளபளவென்று ஒரு பித்தளை மீன்! மேலாளர் அதைத் தொட்டியின் பக்கத்திலேயே வைத்தார். பிறகு காவலாளியிடம், "விருதுதான் வாங்கியாச்சே, இனிமே கேன் தண்ணி தண்டச் செலவு. ஓடைத் தண்ணியையே ஊத்து" என்றார்.

கெண்டை பித்தளை மீனை ஏற இறங்கப் பார்த்தது.

"டேய் தவளை, என்னை எடுத்துட்டு இதை உள்ளே போடச் சொல்லுடா. அந்தத் தண்ணியில இதுதான் பிழைக்கும்."