கைநாட்டு

சந்தையிலிருந்து திரும்பிய தங்கசாமி சைக்கிளை ஸ்டாண்டு போடாமலே நின்றுவிட்டார்.

முற்றத்தில் வீட்டுப் பித்தளை முழுக்கக் கவிழ்ந்து கிடந்தது. நடுவில் யாரோ ஒருத்தி, குடத்தின் அடியில் தாளை ஒட்டவைத்துக் கரிப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஏட்டு ரிட்டையராகி மூன்று வருஷம். சந்தேகம் இன்னும் ரிட்டையராகவில்லை.

"யாரு நீ?"

"குழல்வாய்மொழி. படம் வரையறவ. மெட்ராஸ்லேர்ந்து வரேன்."

"எங்கன தங்கியிருக்க?"

"குத்தாலத்துல."

"அருவியில சொட்டுத் தண்ணி கிடையாது. இந்த மாசத்துல அங்கன உனக்கு என்ன சோலி?"

"பாத்திரங்கள்ல பொம்பளைங்க பேரு வெட்டியிருக்கான்னு தேடறேன், அய்யா. படி எடுத்துக் கண்காட்சி வைக்கப்போறேன். மேலகரத்துல இது நாப்பதாவது வீடு. பொண்ணு வீட்டுச் சீர்ல கூட மாப்பிள்ளை பேருதான் இருக்கு."

"இன்னைக்குப் படி எடுப்ப. நாளைக்குப் பாத்திரத்தையே எடுக்க ஆள் அனுப்புவ. ஏட்டி வடிவு, கதவைச் சாத்து. ஸ்டேஷனுக்கு ஆள் விடுதேன்."

அவர் மனைவி வடிவு அசையவில்லை. "நாந்தான் கூப்பிட்டேன்" என்றாள்.

"நீயா? ஏமாத்துக்காரிக்கு நடுவீட்டுல எடமா? அந்தத் தாளைக் கொண்டா."

பிடுங்கிப் பார்த்தார். கரிக்கு நடுவே வெள்ளையாக, கோணல்மாணலாக நாலு எழுத்து.

பேராச்சி.

அவர் குரல் இறங்கிவிட்டது. "எங்க அம்மை பேருல்லா இது... கைநாட்டு வைக்கிறவ. ஒருத்தருக்கும் தெரியாம எப்பப் படிச்சா, எப்ப ஆணியால கீறினா?"

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கொண்டு போம்மா. எங்க அம்மை பேரை மெட்ராஸே பாக்கட்டும். ஏட்டி, பிள்ளைக்குக் காப்பி போடு."

வடிவு அடுப்படிக்குப் போகவில்லை. குடத்தை நிமிர்த்தி வைத்தாள். கழுத்தில் 'சொ. தங்கசாமி' என்று அச்சுப்போல வெட்டியிருந்தது.

"அத்தை கடைசிவரைக்கும் கைநாட்டுதான். சுதந்திரம் கிடைச்ச வருசம் இந்தச் சீர்க்குடத்தோட இங்கன வந்தேன். 'எம்பேரச் சொல்லி மருமவள எப்படி ஏச?'ன்னு கேட்டு, அன்னைக்கே எனக்கு வடிவுன்னு பேரை மாத்துனாவ."

தாளை அவர் கையிலிருந்து வாங்கிக் குழல்வாய்மொழியிடம் கொடுத்தாள்.

"இந்தப் பேராச்சி நாந்தான்."