வேட்டைத் துணை

"இருமாதடா! வாயைப் பொத்து!" என்று பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தார் வீரசாமி.

அதற்குள் லோகேஸ்வரன் இருமிவிட்டான். மலையே கேட்கும்படி, தொண்டை கிழிய.

ஓடைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மான் தலையைத் தூக்கியது. கிளை விட்ட கொம்பு. தாடையில் நீர் சொட்டியது. ஒரு கணம் இவர்கள் பதுங்கியிருந்த புதரையே பார்த்தது. அடுத்த கணம் மூங்கில்களுக்குள் பாய்ந்து மறைந்தது.

வீரசாமி தோளிலிருந்து இறக்கிய நீளமான சாக்குப் பொட்டலத்தின் முடிச்சில் அப்போதுதான் கை வைத்திருந்தார்.

"போச்சு! எவ்ளோ பெரிய ரூசா மான் தெரியுமா? இந்த மலையில இப்படி ஒரு மானைப் பார்த்து எத்தனை வருசமாச்சு! போன வாரம் தும்முன. அதுக்கு முந்தி வழுக்கி விழுந்த. இன்னிக்கு இருமலா?"

"பூச்சி வாய்க்குள்ள போயிருச்சுப்பா. நான் என்ன செய்யறது?"

"மாஸ்க் போட்ட வாய்க்குள்ள பூச்சி எப்படிடா போவும்?"

லோகேஸ்வரன் கறுப்பு மாஸ்க்கை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

மாஸ்க்குக்கு அடியில், வலது காதிலிருந்து தாடைவரை ஒரு தழும்பு. கூலிம் நகரத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வரும்போது மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கியதில் வந்தது. காயம் ஆறிவிட்டது. அவன்தான் ஆறவில்லை. வேலையை விட்டுவிட்டு பாலிங்கில் இருந்த அப்பா வீட்டுக்கு வந்தவன், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கூட்டாளிகள் தேடி வந்தால் தூங்குவதாகச் சொல்லச் சொன்னான். சாப்பாட்டைக்கூடக் கதவுக்கு வெளியே வைக்கச் சொன்னான். மாதங்கள் ஓடின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா இராசாத்தி அந்தக் கதவைப் போட்டு இடித்தாள்.

"டேய், உங்கப்பா துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு மான் சுடப் போறாராம்! இப்பல்லாம் அது பெரிய குத்தம்டா. பிடிச்சா உள்ளதான் வைப்பாங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. நீயாச்சும் கூடப் போடா!"

அப்பாவின் பிடிவாதம் அவனுக்குத் தெரியும். வேண்டாமென்றால் தனியாகக் கிளம்பிவிடுவார். அதனால் தடுக்கவில்லை, கூடப் போனான். மான் கண்ணில் பட்டபோதெல்லாம் தும்மினான், இருமினான், வேண்டுமென்றே விழுந்தான். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதே கதைதான்.

ஓடைப் பாறையில் உட்கார்ந்து, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்தார்கள். அப்பா மட்டும்தானே என்று லோகேஸ்வரன் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினான். குளிர்ந்த காற்று தழும்பில் பட்டது.

"அம்மா பாவம்பா. நாம வர்ற வரைக்கும் பயந்துகிட்டே இருக்கும். இதோட விட்டுருங்களேன்."

"ஒரே ஒரு மான்டா. சுட்டுட்டேன்னா அப்புறம் மலைப்பக்கமே வரமாட்டேன்லா."

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டா ஜெயிலு. நீதான் வீட்டுல இருக்கியே, அம்மாவைப் பார்த்துக்க." தன் பங்கு அவித்த முட்டையை எடுத்து மகனின் சோற்றில் வைத்தார். "சாப்பிடு. மலை ஏறினா நல்லா பசிக்கும்."

லோகேஸ்வரன் முட்டையைப் பிட்டுப் பாதியை அப்பாவின் பொட்டலத்தில் திருப்பி வைத்தான்.

மலையடிவாரத்து ரப்பர் மரங்களுக்குள் அவர்கள் இறங்கி வந்தபோது, செம்மண் பாதையில் ஒரு ஜீப் நின்றிருந்தது. கதவில் வனவிலங்கு இலாகாவின் சின்னம். சீருடையில் இருந்த அதிகாரி இவர்களைப் பார்த்ததும் கையை உயர்த்தி அழைத்தார்.

வீரசாமியின் முகம் மாறியது. "டேய், நீ இப்படியே மரத்துக்குப் பின்னால சுத்திப் போயிரு. நான் பேசிக்கறேன். போடா!"

லோகேஸ்வரன் போகவில்லை. அப்பாவின் தோளிலிருந்த சாக்குப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஜீப்பை நோக்கி ஏறக்குறைய ஓடினான். போன வேகத்திலேயே, மறுபடி ஏற்றிவிட்டிருந்த மாஸ்க்குக்குள் ஏதோ சொன்னான்.

"என்னா தம்பி? ஒன்னும் கேக்கலியே," என்றார் அதிகாரி. சட்டையில் பரஞ்சோதி என்று பெயர் இருந்தது.

லோகேஸ்வரன் மாஸ்க்கைக் கழற்றினான். முழு முகத்தோடும் அவர் எதிரே நிமிர்ந்து நின்றான்.

"இந்தத் துப்பாக்கி என்னுது சார். மான் சுடலாம்னு நான்தான் அப்பாவைக் கூட்டிட்டு வந்தேன். அவருக்கு ஒன்னுமே தெரியாது. என்னைப் பிடிச்சிட்டுப் போங்க. அவரை விட்டுருங்க சார்!"

பார்வையை அவன் தாழ்த்தவில்லை.

பரஞ்சோதி பொட்டலத்தை வாங்கி முடிச்சை அவிழ்த்தார். உள்ளேயிருந்து வந்தது ஒரு பழைய மண்வெட்டிக் காம்பு.

லோகேஸ்வரன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். அவர் தலையைச் சொறிந்தபடி ஒரு ரப்பர் மரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாண்ணே, தம்பிகிட்ட இன்னும் சொல்லலியா?" பரஞ்சோதி சிரித்துக்கொண்டே லோகேஸ்வரனின் தோளில் கை போட்டார். "தம்பியை ஒருதரம் பார்த்துட்டுப் போலாம்னுதான் கூப்பிட்டேன்." அவர் லோகேஸ்வரன் பக்கம் திரும்பினார்.

"உங்கப்பா துப்பாக்கியைப் போலீசுல ஒப்படைச்சு ரொம்ப நாளாச்சுப்பா. வாராவாரம் எனக்குப் போன் போட்டுச் சொல்லிட்டுத்தான் மலையே ஏறுவாரு. 'நான் ஜெயிலுக்குப் போயிருவேன்னு பயந்தாத்தான் சார், என் மகன் ரூம் கதவைத் திறக்கறான்'னு சொன்னாரு!"