மங்கும் பல்பு

மரியசூசை மரப்பட்டறையைக் காலி செய்துவிட்டுப் புதுப்பெண்டாட்டியோடு கோயம்புத்தூர் போன அதே வாரம், அவனுடைய ரம்ப மோட்டாரைப் பழைய இரும்புக் கடையிலிருந்து பக்கத்து வீட்டுப் பிலோமி வாங்கி வந்தாள். கிரைண்டருக்கு என்றாள். வீட்டிலிருந்த கிரைண்டருக்கு ஒரு நோயும் இல்லை.

எலக்ட்ரீசியன் இசக்கி வட்ட ரம்பத்தைக் கழற்றி, பெல்ட் மாட்டி, புது வயர் கொடுத்தான்.

"எக்கா, மரம் அறுத்த மோட்டார் இது. போட்ட உடனே கரண்டை மொத்தமா இழுக்கும், அடுப்படி பல்பு மங்கும். தனி லைன் இழுத்துத் தாரேன்."

"வேண்டாம். பல்பு லைன்லயே குடு."

"மங்கும்க்கா."

"மங்கட்டும்."

பட்டறைக்கும் இவள் வீட்டுக்கும் ஒரே கம்பத்திலிருந்துதான் மின்சாரம். காலையில் மரியசூசை ரம்பத்தைப் போடும்போது இவளுடைய அடுப்படிக் குண்டு பல்பு ஒருமுறை கண்ணை மூடித் திறக்கும். வந்துவிட்டான் என்று உலை வைப்பாள். இத்தனை வருடத்தில் இருவரும் பேசிக்கொண்டது, 'உங்க வீட்ல கரண்டு இருக்கா' என்பது மட்டும்தான். அதுவும் கரண்டு போன நாட்களில்.

இசக்கி சுவிட்சைப் போட்டான். பல்பு மங்கித் தெளிந்தது. பிலோமி கிரைண்டர் பக்கம் திரும்பவே இல்லை.

"அரிசியப் போடுங்கக்கா, கல்லு சும்மா சுத்துது."

"அமத்திட்டு இன்னொரு தடவ போடு."

அவன் போட்டான். மத்தியானச் சாப்பாடு முடிந்து வெகுநேரமாகியிருந்தது. அவள் உலைப்பானையை எடுத்து அடுப்பில் ஏற்றினாள்.