ராட்சசனுக்குக் குரல்

"அப்பா, இந்தப் பகடைக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பக்கம்?"

"இருபது பக்கம்டா ஜெமி. பெருசா விழுந்தா நீ நெனச்சது நடக்கும். சின்னதா விழுந்தா பேஜாரு."

ஏழு வயது ஜெமிமா பகடையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து நடத்தும் விளையாட்டு விழா அது. மண்டபம் முழுக்க மேசைகள், மேசைக்கு ஒரு கதை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு வாயாலேயே ஆடுவார்கள். பெஞ்சமினுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்தப் பைத்தியம் உண்டு. மகளுக்கும் அதைத் தொற்றவைத்துவிட வேண்டும் என்று ஆசை.

ஆசைப்பட அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம். மற்ற நாளெல்லாம் பிள்ளை கடப்பாக்கத்தில், மனைவி ஹெலனுடைய அண்ணன் சாம் வீட்டில் இருந்தாள். ஹெலன் மகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போனதோடு நிற்கவில்லை. விவாகரத்து மனுவில் இல்லாததும் பொல்லாததும் எழுதிக் கொடுத்திருந்தாள். நாளைக்குச் செங்கல்பட்டு கோர்ட்டில் நீதிபதி ஜெமியைத் தனியாகக் கூப்பிட்டு, யாரிடம் இருக்கப் பிரியம் என்று கேட்கப் போகிறார்.

வக்கீல் திருவேங்கடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "சும்மா பாசம் கீசம்னா எடுபடாது பெஞ்சமின். அந்த மாமன் வூட்ல கொழந்தைக்கு ஆவலன்னு எதுனா ஆதாரம் கொண்டா. இல்லன்னா இந்த ஞாயித்துக்கெழமையும் போயிடும்."

கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். "மாமா குடிச்சிட்டு வருதா? கை நீட்டுதா?" என்றால் "ம்ஹூம்" என்பாள் ஜெமி. மேலே ஒரு வார்த்தை வராது. பாவி, பிள்ளையை மிரட்டி வைத்திருக்கிறான் என்று பெஞ்சமின் முடிவே கட்டிவிட்டான்.

மேசையை நடத்திய சுஜாதா கல்லூரி மாணவி. ஒரு பெரிய தாளில் அரண்மனை ஒன்றை வரைந்து முடித்துவிட்டு ஜெமியிடம் திரும்பினாள்.

"பாப்பா, உன் ஆளு யாரு? கத்தி வீரனா, மந்திரக்காரியா?"

"சின்னப் பொண்ணு."

"அவளுக்கு இன்னா சக்தி வேணும்?"

"சத்தமே போடாம இருக்கணும்."

"சரி. அரண்மனையில வேற யாரெல்லாம் கீறாங்க?"

"ராணி. அப்புறம் ஒரு ராட்சசன்." மேசையிலிருந்த பொம்மைப் பெட்டிக்குள் கையைவிட்டுக் கொம்பு வைத்த பொம்மை ஒன்றை எடுத்து, தாளில் வரைந்த அரண்மனையின் நடுக்கூடத்தில் வைத்தாள் ஜெமி. "சாயந்தரம் வண்டி சத்தம் கேக்கும். ராணி டிவிய அணைச்சிடும். சின்னப் பொண்ணு பீரோ பின்னாடி பூந்துக்கும்."

அரண்மனையில் டிவியா, பீரோவா என்று சுற்றியிருந்த பிள்ளைகள் சிரித்தன. பெஞ்சமின் சிரிக்கவில்லை. சாமுடைய வண்டி தெரு முனையில் திரும்பும்போதே ஊருக்கே கேட்கும். அவன் செல்போனை எடுத்து, மகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி வீடியோவை ஓடவிட்டான்.

"ராட்சசன் வந்து இன்னா பண்ணும்?" என்று கேட்டாள் சுஜாதா.

"சோறு ஆறிப்போயிருந்தா தட்டு பறக்கும். ராணி முடிய புடிச்சி சுவத்துல மோதும்."

"சின்னப் பொண்ணையும் அடிக்குமா?"

"இல்ல. அந்தப் பொண்ணுக்கு மறுநாளு எதுனா வாங்கியாரும்."

போன வாரம் ஜெமி கையில் புது கலர் பென்சில் டப்பா இருந்தது; மாமா வாங்கித் தந்தது என்றாள். இதற்குத்தானா அது? கூடப்பிறந்தவளையே அடிக்கிறானா? ஹெலனுக்கு வேண்டியதுதான் என்று ஒரு கணம் தோன்றியது பெஞ்சமினுக்கு. பிஞ்சு மனசு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கிடக்கிறதே என்று வயிறு பற்றி எரிந்தது. நாளைக்கு ஜெயித்துவிடலாம் என்ற நினைப்பு அதே வயிற்றில் பாலும் வார்த்தது. மனுஷ ஜென்மம் அப்படித்தான்.

"நல்லா சத்தமா சொல்லு ஜெமி. அப்பா கீறேன்ல, பயப்படாத."

ஜெமி பகடையைப் போட்டாள். பதினெட்டு விழுந்தது.

"பொண்ணு பீரோவ வுட்டு வெளிய வந்துட்டா," என்றாள். "ராணிக்கு முன்னாடி நின்னுகினா."

சுஜாதாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "சார், இத்தோட நிறுத்திடலாமா?" என்று பெஞ்சமினைப் பார்த்து மெல்லக் கேட்டாள்.

"வேணாம்மா. நடத்து. எல்லாம் வெளிய வரட்டும்."

ராட்சசனுக்குக் குரல் கொடுப்பது கதை நடத்துபவரின் வேலை. சுஜாதா தொண்டையைச் செருமிக்கொண்டு உறுமினாள். "யாருடி அவ, என் எதிர்ல வந்து நிக்கிறது?"

ஜெமி தலையை ஆட்டினாள். "இப்டி இல்லக்கா. அது கத்தாது. மெதுவாத்தான் பேசும்."

சுஜாதா குரலைத் தாழ்த்தி இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"இல்லக்கா, உனக்கு வரல."

ஜெமி நாற்காலியை விட்டு இறங்கினாள். தாளின் மேலிருந்த கொம்புப் பொம்மையை எடுத்துக்கொண்டு, வீடியோ ஓடிக்கொண்டிருந்த செல்போனுக்கு நேராக நடந்து வந்து, அந்தப் பொம்மையைப் பெஞ்சமினின் இன்னொரு கையில் வைத்தாள்.

"அப்பா, நீயே ராட்சசனா பேசு. நம்ம வூட்ல அம்மாகிட்ட பேசுவியே, அப்டி."