வெள்ளை மை

நான்கு புட்டிகள். நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு.

அவள் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள்.

"வெள்ளை இல்லையே."

"இந்த மெஷினுக்கு வெள்ளை கிடையாதுக்கா," என்றான் கிளாட்வின். "வெள்ளைதான் கப்புலயே இருக்குல்லா."

கப்பில் படம் அச்சடிக்கும் மெஷினைக் கொண்டுவந்து பொருத்திக் கொடுக்கும் ஆள். நாற்பது வயது. எல்லாப் பெண்களும் அவனுக்கு அக்கா.

நாளைக் காலை கடை திறப்பு. வாசலைப் பார்த்து ஒரு கண்ணாடி அலமாரி. அதில் இன்னும் ஒன்றுமில்லை. மெஷின் வைத்த மேசையும் அவள் நாற்காலியும் சுவரைப் பார்த்து இருந்தன.

"ஏன்க்கா இப்படிப் போட்டிருக்கீய? ஆர்டர் குடுக்க வாறவனுக்கு உங்க முதுகுதான் தெரியும்."

"முதுகு போதும்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அவன் கண்ணாடி ஜன்னலைச் சாத்தினான். கடல் காற்று. தாள் ஈரத்தைக் குடித்தால் நிறம் திட்டுத் திட்டாகிவிடும் என்றான்.

முதல் கப்புக்கு ஒரு படம் வேண்டும். அவள் கணினியில் ஒரு ரோஜாப்பூவைத் திறந்தாள்.

"பூவும் கிளியும் எப்படி அடிச்சாலும் அழகாத்தான் இருக்கும். கலர் சரியான்னு மூஞ்சியிலதான் தெரியும். அந்த மூஞ்சியும் எதிர்ல இருக்கணும். ஒப்பிட்டுப் பாக்கணும்லா," என்றான் கிளாட்வின்.

"உங்க போட்டோ குடுங்க," என்றாள்.

"எனக்கு என் மூஞ்சி எங்க தெரியுது? அதுவும் இது அலமாரியில வைக்கிற கப்பு. என்னைப் பாத்தா வாற ஆளும் ஓடிருவான்."

அவள் ரோஜாப்பூவை மூடினாள்.

பதினோரு வருடம் ஒரு ஸ்டுடியோவில் கணினியில் போட்டோ முகங்களைத் திருத்தியவள். தழும்பு. பரு. கண்ணுக்குக் கீழே கருமை. பக்கத்திலிருக்கும் நல்ல தோலை எடுத்து மேலே பூச வேண்டும். அதற்கான கருவியை அவள் கை பார்க்காமலே எடுக்கும்.

அவளுடைய படம் கணினியில் ஒன்றுதான் இருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்தது. அதைத் திருத்தக் கூடாது என்பது விதி.

திறந்தாள்.

வலக் கண்ணைச் சுற்றி வெண்புள்ளி. உதட்டோரத்தில் ஒன்று. தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கும் இன்னொன்று. பிளாஷ் வெளிச்சத்தில் மூன்றும் சுத்தமாக வெளுத்திருந்தன.

கை கருவியை எடுத்தது.

"திருத்தாதீங்கக்கா. திருத்துனா நான் எதோட ஒப்பிடுவேன்?"

அவன் திரையைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. மஞ்சள் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

அவள் விரல் சற்று நேரம் அப்படியே நின்றது.

பிறகு திருத்தாமலே மெஷினுக்கு அனுப்பினாள்.

மெஷின் இருமியது. தாள் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தது.

நிறங்கள் செத்துக் கிடந்தன. சாம்பல் பூத்த ஒரு பழுப்பு. முகம் இடவலம் மாறியிருந்தது. அவள் தினமும் கண்ணாடியில் பார்க்கும் முகம்.

கண்ணைச் சுற்றி, தாள் தாளாகவே இருந்தது.

தாளைக் கப்பின் மேல் சுற்றி டேப் ஒட்டினான். சூடேற்றியின் பிடிக்குள் வைத்து இறுக்கினான். மூன்று நிமிடம்.

"உள்ள என்ன நடக்கு?"

"மை உருகாதுக்கா. நேரா ஆவியாயிரும். கப்பு மேல ஒரு பூச்சு இருக்கு, சூட்டுல அது வாயத் திறக்கும். ஆவி உள்ள போவும். ஆறுனா மூடிக்கும். பெறகு சுரண்டினாலும் வராது."

எத்தனையோ கடைகளில் சொல்லியிருப்பான். ஆனாலும் சொல்லி முடித்தபின், அவனும் அந்த மூடிய பிடியைப் பார்த்தபடி நின்றான்.

ஒலி எழுந்தது.

அவன் தாளைப் பிரித்தான். அதில் நிழல் மட்டும் மிச்சமிருந்தது.

கப்பில் தோல் இருந்தது.

வெயிலில் நடக்கும் தோல். மூக்கோரத்தில் எண்ணெய் மினுங்கியது. புருவத்தின் ஒவ்வொரு முடியும் தனித்தனி. அவள் புட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். நான்கில் எதிலும் அந்தப் பழுப்பு இல்லை.

கண்ணைச் சுற்றி மெஷின் எதுவும் செய்யவில்லை.

அங்கே கப் இருந்தது. சூளையிலிருந்து வந்த அன்று இருந்த அதே வெள்ளை. பழுப்பு அதன் கரை வரை வந்து நின்றிருந்தது. ஜன்னல் வெளிச்சம் அந்த இடங்களில் முதலில் விழுந்தது.

ஆறும் வரை காத்திருந்தாள்.

பிறகு நகத்தால் தடவினாள். பழுப்பிலிருந்து வெள்ளைக்கு. வெள்ளையிலிருந்து பழுப்புக்கு. மறுபடியும்.

எல்லை எங்கே என்று நகத்துக்குத் தெரியவில்லை.

கிளாட்வின் கப்பை வாங்கி அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தான். கப்பைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். நெற்றி, கன்னம், கழுத்து. அவசரமில்லாமல், வேலை பார்க்கிறவன் பார்ப்பதைப் போல.

இவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை. அவள் தலையைத் திருப்பவில்லை.

"கலர் சரியா இருக்குக்கா."

கப்பை அலமாரியின் நடுத் தட்டில் வைத்தான். ஸ்பானர்களைப் பைக்குள் போட்டான். செருப்பைத் தேடினான்.

"கிளாட்வின்."

"என்னக்கா?"

"போறதுக்கு முன்னால இந்த மேசையைத் திருப்ப ஒரு கை பிடிங்க."

"எந்தப் பக்கம்?"

அவள் வாசலைக் காட்டினாள்.