குழி மேல் பாய்

குழியின் மேல் பலகைகளை அடுக்கி, பாயையும் விரித்தாயிற்று. ராஜமாணிக்கத்துக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. "யாரும் பாக்கலியே?" என்றார். மனைவி வீரம்மாள் இல்லையென்று தலையாட்டினாள், பேசத் தெம்பில்லை.

தலைமுறை தலைமுறையாக அந்தக் குழியில் காலைத் தொங்கவிட்டு, மிதிகட்டையை மிதித்துத்தான் வீட்டில் தறி நெய்தார்கள். தறிச் சட்டங்களைக் கழற்றி மாட்டுக்கொட்டகை வைக்கோலுக்கு அடியில் ஒளித்தாயிற்று. குழியைத்தான் எங்கேயும் கொண்டுபோய் வைக்க முடியவில்லை.

கல்யாணத் தரகர் கோவிந்தராசு கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்குப் பீங்கான் தொழிற்பேட்டையில் மாதச் சம்பளம். தாத்தா காலத்திலேயே தறியை விட்ட குடும்பம். நூல் வாடை அடித்தாலே எழுந்து போய்விடுவார்கள்.

மகள் அம்புஜவல்லியின் நகத்திலிருந்த சாயக்கறையைப் புளி வைத்துத் தேய்த்தார்கள். போகவில்லை. மேலேயே மருதாணியை அப்பிவிட்டார்கள். இந்த இடமும் தட்டிப்போனால் அடுத்த வரனுக்குக் கேசரி கிண்ட வீரம்மாளுக்குக் கையில் வலுவில்லை.

பெண் பார்க்க மாப்பிள்ளையின் அப்பா தர்மராஜ் வந்தார். வேறு இடமில்லாமல் நாற்காலியைப் பாயின் ஓரத்தில்தான் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தவரின் கால் சும்மா இருக்கவில்லை. வலது, இடது, வலது, இடது என்று பாயை மிதித்தபடியே இருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் பலகை டொக்கென்றது.

கிளம்புகிற அவசரம் போலிருக்கிறது என்று ராஜமாணிக்கம் நினைத்தார். ஒவ்வொரு டொக்குக்கும் ஓர் இருமல் இருமினார்.

"பொண்ணுக்குக் கைவேலை ஏதாச்சும் தெரியுங்களா?"

"ஒன்னும் தெரியாதுங்க" என்றார் ராஜமாணிக்கம், பெருமையாக.

பக்கத்து வீட்டு நைலக்ஸ் புடவையில் வியர்த்துக்கொண்டு காபி கொண்டுவந்த அம்புஜவல்லி, அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். மூன்று நாளில் ஒரு புடவையை முடிக்கிறவள் அவள்.

தர்மராஜ் பீங்கான் கப்பை வாங்கிக்கொண்டு, மறுபடி மிதித்தார். பலகை விலகியது. நாற்காலியிலிருந்து வழுக்கி, குழி விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டு காலும் உள்ளே தொங்கின. காபி மட்டும் சிந்தவில்லை.

வரன் போயிற்று. ராஜமாணிக்கத்துக்கு வருத்தப்படக்கூட அலுப்பாயிருந்தது. மாட்டுக்கொட்டகையிலிருந்து சட்டங்களை யார் தூக்கி வருவது என்றுதான் முதலில் தோன்றியது.

தர்மராஜ் எழுந்திருக்கவில்லை. காலால் உள்ளே இப்படியும் அப்படியும் எதையோ துழாவினார். காபியை நிதானமாகக் குடித்து முடித்து, கப்பைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு நீங்க வூடு பாக்க வருவீங்கன்னு, எங்க குழி மேல கட்டிலைப் போட்டு வச்சிருக்கோம் சம்மந்தி."